கிரவுனுக்கும் வெனீருக்கும் மார்ஜின் தெரியும் டிஜிட்டல் மாடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் உள்ள ஒரு சிறிய பல் லேபில் மாடல், அதாவது நோயாளியின் பற்களின் நகல், வடிவமைப்பது என் வேலை. டை ஸ்டோன் என்ற ஜிப்சப் பொடியைக் கலந்து ஊற்றி, உலோகப் பின் செருகி, ரம்பத்தால் அறுத்த காலத்தில் தொழிலுக்கு வந்தேன். இப்போது அதே வேலையைத் திரையில் செய்கிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் பக்கத்திலிருந்து இங்கே வந்து தொழில் பழகும் தம்பி தங்கைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு எழுதிய பதில்கள் இவை. விளிம்பு என்ற நல்ல சொல் நம்மிடம் இருந்தாலும், லேபில் தமிழர், கன்னடர், மலையாளி எல்லோரும் மார்ஜின் என்றே சொல்கிறோம். அதையே இங்கும் எழுதுகிறேன்.

மார்ஜின் தெரியும் மாடல் என்றால் என்ன?

டாக்டர் அராவிய பகுதியும் அராவாத பகுதியும் சந்திக்கும் கோடுதான் மார்ஜின். கிரவுன், அதாவது பல்லை முழுதாக மூடும் தொப்பி, அந்தக் கோட்டில்தான் முடிய வேண்டும். கோட்டுக்கு மேலேயே நின்றுவிட்டால் இடைவெளியில் உணவும் கிருமியும் சேரும். கோட்டைத் தாண்டி நீண்டால் ஈறு வீங்கும்.

வாயில் இந்தக் கோட்டை ஈறு பெரும்பாலும் மறைத்துக்கொண்டிருக்கும். மாடலில் அந்த மறைப்பை விலக்குகிறோம். அராவிய பல்லைத் தனியாகக் கழற்றி எடுக்கும்படி பிரிக்கிறோம். அதற்கு டை என்று பெயர். கோட்டுக்குக் கீழே டையைச் சற்று உள்வாங்கச் செதுக்குகிறோம், அது டிச்சிங். பானையின் கழுத்து உள்வாங்கியிருப்பதால்தான் அதன் வாய் விளிம்பு விரலுக்குத் தனியாகத் தட்டுப்படுகிறது. டையில் செய்வதும் அதுவே.

கிரவுனைத் திரையிலேயே வடிவமைத்து மில்லிங்குக்கு அனுப்புகிறோமே, மாடல் அச்சிட வேண்டிய அவசியம் என்ன?

பின்பல் ஒன்றுக்கு முழு சிர்கோனியா கிரவுன், ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்றால் மாடல் இல்லாமலே அனுப்பலாம். நாங்களும் அனுப்புகிறோம். எல்லாவற்றுக்கும் மாடல் வேண்டும் என்று சொல்பவன் நான் அல்ல.

பீங்கான் அடுக்கி வேக வைக்கும் முன்பல், பல்லின் முகப்பில் ஒட்டும் மெல்லிய ஓடான வெனீர், மூன்று நான்கு பல் பாலம் ஆகியவற்றில் கதை வேறு. சிர்கோனியாவை வேக வைக்கும் முன் சுமார் 20 சதவீதம் பெரிதாகக் கடைகிறோம். சூளையில் அது சுருங்கி உரிய அளவுக்கு வருகிறது. வேகாத நிலையில் அது சாக்கட்டி போல இருக்கும்; மெல்லிய மார்ஜினில் கடைசல் கருவி பட்டுச் சிறு சில்லு தெறிப்பது உண்டு. அந்தச் சில்லைத் திரை காட்டாது. டையில் உட்கார வைத்து நுண்ணோக்கியில் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும். மார்ஜினை மெருகேற்றும்போதும் டை அடியில் இருந்தால் கை தாண்டிப் போகாது.

ஸ்கேனில் மார்ஜின் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இந்த ஒரு கேள்விக்கான பதிலை மட்டும் படித்தாலும் போதும் என்பேன். மாடலின் தரம் முக்கால்வாசி இங்கேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் நிறத்தை அணைத்துவிடுங்கள். நிறம் கண்ணை ஏமாற்றும். ஈறு சிவப்பாகவும் பல் வெள்ளையாகவும் தெரிவதால் நடுவில் கோடு இருப்பதாக மனம் நம்பிவிடும். ஒரே சாம்பல் நிறத்தில் பார்த்தால், உண்மையில் அங்கே மடிப்பு இருக்கிறதா, வெறும் சரிவுதானா என்பது தெரியும். ஒரு பல் திரை முழுக்க நிறையும் அளவுக்குப் பெரிதாக்குங்கள். கடிக்கும் பக்கத்திலிருந்து ஒரு முறை, பிறகு மார்ஜின் மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பக்கவாட்டில் ஒரு முறை, மெதுவாக முழுச் சுற்று சுற்றுங்கள். அதன் பிறகு நிறத்தைப் போடுங்கள். ஈறும் பல்லும் ஒரே உயரத்தில் ஒட்டிக் கிடக்கும் இடத்தில் எது எது என்று பிரிக்க நிறம் அப்போது உதவும். எஸ்டிஎல் கோப்பில் நிறம் கிடையாது. 1980களில் முப்பரிமாண அச்சுக்காகப் பிறந்த அந்த வடிவம் வெறும் முக்கோணங்களைத்தான் சுமக்கும். அதனால் நிறத்தையும் சுமக்கும் பிஎல்ஒய் கோப்பைக் கிளினிக்கிடம் கேட்டு வாங்குங்கள்.

மூன்று அடையாளங்களைக் கவனிக்கச் சொல்வேன். பல்லிலிருந்து ஈறு வரை ஈரத் துணி போர்த்தியது போல ஒரே வழவழப்பாக இறங்கினால், ஈறு விலகாமலே ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். பாசிப்பயறு ஒட்டியது போலச் சிறு புடைப்பு இருந்தால் எச்சிலோ ரத்தமோ தேங்கியிருக்கிறது. மற்ற இடங்களில் பொடிப் பொடியாக இருக்கும் முக்கோணங்கள் ஓரிடத்தில் மட்டும் பெரிதாக, தட்டையாக இருந்தால், அங்கே தரவே இல்லை. ஸ்கேனரின் மென்பொருள் ஓட்டையைத் தானாக அடைத்திருக்கிறது. மூன்றிலும் மோசமானது இதுதான், ஏனென்றால் பார்க்க மிக அழகாக இருக்கும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 36ஆம் எண் பல், அதாவது கீழ் இடது முதல் கடைவாய்ப் பல். முன்புறமும் பக்கங்களும் கத்தி போலக் கோடு. பின்புறம், அடுத்த பல்லை ஒட்டிய இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு அந்தத் தட்டை முக்கோணங்கள். வேலை அவசரம். இரு பக்கமும் தெரியும் கோட்டை இணைத்து நடுவில் வளைவாக வரைந்து அனுப்பிவிட்டேன். என் டையில் கிரவுன் அருமையாகப் பொருந்தியது. பொருந்தாமல் எப்படி இருக்கும், கோடும் டையும் இரண்டுமே என் கற்பனைதானே. வாயில் வைத்தபோது பின்புறம் ஆய்வுக் கருவியின் முனை உள்ளே போனது. நோயாளி மறுபடி ஊசி போட்டுக்கொண்டு, மறுபடி ஈறை விலக்கும் நூல் வைத்து, மறுபடி அளவு கொடுக்க வேண்டியதாயிற்று. தவறு முழுக்க என்னுடையது. அன்று முதல் தெரியாத கோட்டை நான் வரைவதில்லை.

மென்பொருளே மார்ஜினைக் கண்டுபிடித்து வரைகிறதே?

வரைகிறது. எக்ஸோகேட், 3ஷேப் இரண்டிலும் ஒரு புள்ளியைத் தொட்டால் போதும், கோடு சுற்றி ஓடிவிடும். வளைவு கூர்மையாக மாறும் இடத்தைத் தேடிப் போவதுதான் அதன் வழி. அராவலில் ஒரு சிறு கீறல் இருந்தாலும், ஈறின் மேல் விளிம்பு கூர்மையாக இருந்தாலும் அங்கே தாவிவிடும். இரண்டு பற்களுக்கு இடையே உள்ள பகுதியில் தானாக வரும் கோட்டை ஒருபோதும் அப்படியே ஏற்காதீர்கள். புள்ளி புள்ளியாக நகர்த்திச் சரிபாருங்கள். மார்ஜின் படிக்கட்டின் வெளி ஓரத்தில் கோடு உட்கார வேண்டும். படியின் உள்மூலையில் உட்கார்ந்தால் கிரவுன் சிறுத்துவிடும்.

டிச்சிங் எவ்வளவு ஆழம் வைக்க வேண்டும்?

புதிதாக வருபவர்கள் அதிகமாகக் குடைந்துவிடுகிறார்கள். கோடு பளிச்சென்று தெரிவது அவர்களுக்குப் பிடித்துப்போகிறது. ஆனால் கோட்டுக்குக் கீழே இருக்கும் அந்தச் சிறிய பல் பகுதிதான், கிரவுன் எந்தக் கோணத்தில் ஈறிலிருந்து வெளியே வர வேண்டும் என்று சொல்கிறது. அதை வெட்டி எறிந்துவிட்டால் பீங்கான் அடுக்குபவருக்கு வழிகாட்டி இல்லை. அவர் தன் கணிப்பில் புடைப்பாக முடிப்பார். வாயில் அந்தப் புடைப்பு ஈறை நெருக்கும், பிரஷ் போகாது, ஒரு மாதத்தில் ரத்தம் கசியும். மார்ஜின் மூடியிருந்தும் கிரவுன் தோற்றுப்போகும்.

கோட்டுக்கு ஒட்டியபடி சுமார் 0.3 மில்லிமீட்டர் பல்லை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழேதான் நான் குடைய ஆரம்பிக்கிறேன். ஆழம் அரை மில்லிமீட்டர் அளவு. ஸ்கேனில் கோட்டுக்குக் கீழே பல் நன்றாகப் பதிந்திருந்தால் இன்னும் குறைவாகவே குடைகிறேன். குடைவின் மேல்பகுதி வழுவழுப்பான வளைவாக இருக்கட்டும். செங்குத்தான வெட்டாக இருந்தால் மார்ஜின் மெல்லிய உதடு போலத் துருத்தி நிற்கும். மாடலை அச்சிடும் ரெசினில் அந்த உதடு வளையும், கிரவுனைப் பத்து முறை ஏற்றி இறக்கினால் தேய்ந்தும் போகும். ஸ்டோனில் அறுத்த காலத்தில் இந்த உதடு உடைந்து கையில் வரும், தவறு உடனே தெரிந்துவிடும். ரெசின் உடையாமல் வளைந்து கொடுப்பதால் பொய் சொல்கிறது.

டை குழிக்குள் ஆடுகிறது. சில சமயம் இறங்கவே மாட்டேன் என்கிறது. இடைவெளி எவ்வளவு?

அடுத்த லேபின் எண்ணைக் கேட்டு வாங்கி வைப்பதில் பயனில்லை. உங்கள் அச்சுப்பொறி, உங்கள் ரெசின், உங்கள் கழுவும் முறை மூன்றும் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. ஒரே டைக்கு 0.04, 0.06, 0.08, 0.10, 0.12 மில்லிமீட்டர் இடைவெளி என்று ஐந்து குழிகளை ஒரே தட்டில் அச்சிடுங்கள். விரலால் அழுத்தினால் இறங்கி, இறங்கியபின் ஆடாமல் நிற்கும் குழி எதுவோ அதுவே உங்கள் எண். ரெசின் மாற்றினால் மறுபடி சோதியுங்கள்.

டையின் அடிநுனி மாடலின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை வழியே தெரியும்படி வடிவமைத்துவிடுங்கள். நுனி அடிமட்டத்தோடு சமமாக இருந்தால் டை முழுதாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். கழற்றும்போது அந்தத் துளை வழியே தள்ளவும் முடியும். மார்ஜினைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை.

வெனீருக்கும் இதே மாடல் போதுமா?

போதாது. வெனீர் மாடல் தனி வேலை.

கழுத்துப் பகுதியில் வெனீருக்கு டாக்டர் அராவுவது 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர்தான். அங்கே எனாமலே அவ்வளவு மெல்லியது. எனாமலில் நின்றால்தான் ஒட்டும் பசை நன்றாகப் பிடிக்கும். கிரவுனுக்கு இருப்பது போன்ற தெளிவான படிக்கட்டு இங்கே இருக்காது, ஒரு மெல்லிய மடிப்புதான். கிரவுனுக்குச் செய்வது போலக் குடைந்தால் அந்த மடிப்பே கரைந்துவிடும். எனவே குடைவு மிக லேசாக, பல இடங்களில் குடைவே இல்லாமல்.

இன்னொரு வித்தியாசம் பற்களின் எண்ணிக்கை. வெனீர் பெரும்பாலும் மேல் வலது கோரைப் பல் (13) முதல் மேல் இடது கோரைப் பல் (23) வரை ஆறு பற்களாக வரும். ஆறையும் ஆறு டையாக அறுத்தால், ஒவ்வொன்றும் ஒரு தலைமுடி அளவு நகர்ந்தாலும் கடைசியில் நடுக்கோடு கோணும். ஈறும் அறுபட்டுப் போகும். ஈறு இல்லாத முன்பல் மாடலில் வெனீரின் வடிவத்தை யாராலும் சரியாகச் செய்ய முடியாது. இரண்டு பற்களுக்கு இடையே ஈறு முக்கோணமாக ஏறும் இடத்தைப் பொறுத்துத்தான், கறுப்பு இடைவெளி தெரியுமா தெரியாதா என்பது இருக்கிறது.

இதற்குத் தொழிலில் கெல்லர் மாடல் என்று ஒரு வழி உண்டு; சுவிட்சர்லாந்தின் பீங்கான் கலைஞர் வில்லி கெல்லரின் பெயரால் வழங்குவது. ஈறு முழுதாக அப்படியே இருக்கும். ஒவ்வொரு பல்லும் வேர் வடிவத்தில் கூம்பிய டையாக, ஈறுக்குள் இருக்கும் குழியில் சொருகப்பட்டிருக்கும். வெளியே எடுத்தால் மார்ஜின் முழுதும் தெரியும். உள்ளே வைத்தால் வாயில் இருப்பது போலவே ஈறு சூழ்ந்திருக்கும். டிஜிட்டலில் இதை அமைக்கும்போது ஆறு டைகளும் வெளியே வரும் திசையைத் தனித்தனியாகப் பாருங்கள். கோரைப் பல்லின் சாய்வு வேறு, நடுப்பல்லின் சாய்வு வேறு. ஒரே திசை கொடுத்தால் ஏதாவது ஒரு டை பக்கத்து ஈறைச் சுரண்டிக்கொண்டுதான் வெளிவரும். கீழ் முன்பற்களில் கழுத்து குறுகலாக இருப்பதால் இரண்டு குழிகளுக்கு இடையே சுவர் மிக மெல்லியதாகிவிடும். அங்கே டையின் உடலைக் கூர்மையாகச் சிறுக்கச் செய்கிறேன்.

இதோடு எதுவும் பிரிக்காத முழு மாடல் ஒன்றையும் கட்டாயம் அச்சிடுங்கள். டை மாடலில் மார்ஜின், முழு மாடலில் பக்கத்துப் பற்களோடு தொடுதல். தொடுதலை டை மாடலில் சரிபார்க்காதீர்கள். டை இம்மி நகர்ந்தாலும் தொடுதல் பொய்யாகிவிடும். இரண்டுக்கும் இடையே 8 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தகடு லேசாகப் பிடிபட்டு நழுவ வேண்டும். அந்த நுட்பம் அசையாத மாடலில்தான் கிடைக்கும்.

கோடே இல்லாமல் செங்குத்தாக அராவிய பல் வந்தால்?

அங்கே மார்ஜினைப் படிக்க முடியாது. ஈறுக் குழிக்குள் எவ்வளவு ஆழத்தில் முடிக்க வேண்டும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். நூல் வைத்து ஒன்று, ஈறு இயல்பாக இருக்கும்போது ஒன்று என இரண்டு ஸ்கேன் வாங்கி, இரண்டையும் பொருத்தி வைத்துக்கொண்டு ஈறின் உயரத்திலிருந்து அளந்து கோடு போடுங்கள். டிச்சிங் வேண்டாம்.

அச்சிடும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

டைகளை நிமிர்த்தி அச்சிடுங்கள். தாங்கு கம்பிகள் வேரின் அடியில் மட்டும் இருக்கட்டும். மார்ஜினுக்கு அருகில் ஒரு கம்பி கூடக் கூடாது. அடுக்கு 50 மைக்ரான் பொதுவாகப் போதும், வெனீர் டைக்கு 25 வைக்கிறேன். நேரம் இரட்டிப்பாகிறது, ஆனாலும் சரிவான பரப்பில் படிக்கட்டுத் தடம் குறைகிறது.

பெங்களூருக்கென்று ஒரு குறிப்பு. டிசம்பர், ஜனவரி காலைகளில் லேபைத் திறக்கும்போது அறை 16, 17 டிகிரி இருக்கும். குளிர்ந்த ரெசின் பாகு போலக் கெட்டிப்படும். அச்சுப்பொறியின் தட்டு கீழே இறங்கும்போது ரெசின் முழுதாக ஒதுங்காது. மெல்லிய விவரம் பதியாது, மார்ஜின் மழுங்கும். சென்னையில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்கள் ஒரு வாரம் காரணம் தெரியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து, நன்றாகக் குலுக்கி, 25 முதல் 30 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகு ஊற்றுங்கள். ஏப்ரல், மே மாதக் கோடைமழையில் மின்சாரம் போவது இன்னொரு தொல்லை. பாதியில் நின்று தொடர்ந்த மாடலில் ஒரு கோடு விழும். அது மார்ஜின் உயரத்தில் விழுந்தால் அந்த மாடலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கழுவி உலர்த்துவதில் என்ன இருக்கிறது?

மார்ஜினைக் கெடுக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அதிக நேரம் ஊறினால் ரெசின் உப்பும். குறைவாகக் கழுவினால் டிச்சிங்கின் உள்மடிப்பில் ரெசின் பிசின் போலத் தங்கி, ரெசினை இறுக வைக்கும் புற ஊதா விளக்கில் வைத்ததும் இறுகிக் கல்லாகிவிடும். நீங்கள் அக்கறையாக வடிவமைத்த கோடு அதற்கடியில் புதைந்து போகும். இரண்டு தொட்டி வையுங்கள்: பழையதில் முதல் கழுவல், புதியதில் இரண்டாவது. மென்மையான பிரஷ்ஷால் மார்ஜினைச் சுற்றி ஒரு முறை. காற்றடித்து, முழுக்க உலர்ந்த பிறகே விளக்கு. டையைக் குழிக்குள் வைத்தபடி விளக்கில் காட்டாதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.

கழுவிய ஆல்கஹாலையும் மிச்ச ரெசினையும் சாக்கடையில் ஊற்றக் கூடாது. குடியிருப்புத் தெருக்களில் லேப் நடத்தும் நாம் இதில் கூடுதல் பொறுப்போடு இருக்க வேண்டும்.

எந்த நிற ரெசின்? பென்சிலால் மார்ஜினை வரையலாமா?

ஒளி ஊடுருவாத நிறம்: சாம்பல் அல்லது மங்கிய மஞ்சள். கண்ணாடி போன்ற ரெசினில் மார்ஜின் தெரியவே தெரியாது. பென்சில் கோடு கண்ணுக்கு உதவி, அவ்வளவே. கூர் தீட்டிய சிவப்புப் பென்சில் போடும் கோடு கூட 200, 300 மைக்ரான் தடிமன் இருக்கும். வாயில் ஏற்கத்தக்க மார்ஜின் இடைவெளியின் மேல் எல்லை 120 மைக்ரான் என்று மெக்லீன், வான் ஃபிரான்ஹோஃபர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பல் வேலைகளைப் பார்த்து 1971இல் எழுதினார்கள். இன்றும் அந்த எண்ணைத்தான் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். அந்த எல்லையைவிடப் பென்சில் கோடு தடிமன். ஆகவே கோட்டின் ஓரத்துக்குப் பொருத்துங்கள், கோட்டுக்கு அல்ல. கடைசிச் சோதனைக்கு முன் அழித்துவிடுங்கள்.

டையில் பொருந்துகிறது, வாயில் பொருந்தவில்லை. ஏன்?

முதலில் பக்கத்துப் பல்லோடு தொடுதல் இறுக்கமா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கிரவுன் தூக்கி நிற்கும், பழி மார்ஜின் மேல் விழும். அடுத்து, கிரவுனை ஒட்டும் சிமெண்டுக்காக உள்ளே விடும் இடைவெளி: மார்ஜினை ஒட்டிய முதல் மில்லிமீட்டரில் மிகக் குறைவாகவும் அதற்கு மேல் 50, 60 மைக்ரானும் வைத்திருக்கிறீர்களா? மூன்றாவதாக அராவலில் கூரான முனை. கடைசல் கருவியின் நுனியைவிடக் கூர்மையான முனைக்குள் அது நுழைய முடியாது. இந்த மூன்றும் சரி என்றால் ஸ்கேனைத் திறந்து, முக்கோணங்களை மறுபடி பாருங்கள்.

மறு ஸ்கேன் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்கிறார். எப்படிக் கேட்பது?

கஷ்டம் புரிகிறது. நோயாளி வைட்ஃபீல்டிலிருந்து ஜெயநகர் கிளினிக்குக்கு வர வேண்டும் என்றால் போக்குவரத்திலேயே அரை நாள் போய்விடும். டாக்டர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மார்ஜின் எங்கே என்று முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் நம்மை டென்டல் மெக்கானிக் என்றது. பல் சாதனங்களைச் செய்வதும் பழுது பார்ப்பதும் நம் வேலை. வாய்க்குள் இருப்பதை ஊகிப்பது நம் வேலை அல்ல.

"ஸ்கேன் சரியில்லை டாக்டர்" என்று மட்டும் அனுப்பினால் யாருக்கும் கோபம் வரும். எந்தப் பல், எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று சொல்லுங்கள். திரையைப் படம் பிடித்து, அந்த இடத்தை வட்டமிட்டு அனுப்புங்கள். நோயாளி கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன் ஸ்கேனைப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. கோப்பு வந்த பத்து நிமிடத்தில் மார்ஜினைப் பார்ப்பது எங்கள் லேபில் இப்போது பழக்கமாகிவிட்டது. போன மாதம் அப்படி அனுப்பிய செய்தியை அப்படியே தருகிறேன்:

"வணக்கம் டாக்டர். 46, நாக்குப் பக்கம் பின்மூலையில் இரண்டு மி.மீ. அளவு மார்ஜின் பதியவில்லை, படம் இணைத்துள்ளேன். மற்ற இடமெல்லாம் மிக நன்றாக இருக்கிறது. நோயாளி இன்னும் இருந்தால், அந்த மூலையில் மட்டும் நூல் வைத்து, எடுத்தவுடன் காய வைத்து ஸ்கேன் செய்தால் போதும். முழு வாயும் வேண்டாம்."

நோயாளி அப்போது பணம் கட்டிக்கொண்டிருந்தாராம். டாக்டர் அவரைத் திரும்ப உட்கார வைத்தார். பதினைந்து நிமிடத்தில் புதிய கோப்பு வந்தது. அந்த மூலையில் கோடு நூல் பிடித்தது போல நேராக ஓடியது.